மயிரிழை விளிம்பு

"தெரிஞ்சே மறைச்சேன்னு நானே எழுதிக் கொடுத்தாச்சு. அப்புறமும் எதுக்குக்கா அந்தக் கல்லையே நோண்டிக்கிட்டிருக்கே?"

சிறைச்சாலைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி. இந்தப் பக்கம் அக்கா. எரிமலைக் கற்களை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் உத்தியோகம்.

மலையைக் கண்காணிக்கும் நிலையத்துக்குத் தம்பிதான் பொறுப்பாளன். மலை வெடித்த இரவில் அடிவாரத் தெருக்கள் ஆட்களோடு புதைந்தன. கருவிகள் சாம்பலாயின. அவன் தீக்காயத்தோடு தப்பினான். அவன் மனைவியும் மகளும் முந்தின நாள் காலையிலேயே பஸ் ஏறியிருந்தார்கள்.

தன் குடும்பத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்ட பாவி என்று ஊரே காறித் துப்பியது. அவனும் மறுக்கவில்லை. வாரக்கணக்கில் நிலம் அதிர்ந்ததைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆயுள் தண்டனை நிச்சயம் என்று வக்கீல் கைவிரித்தார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மலையடிவாரத்தில் பொறுக்கிய கல்லோடு ஆய்வுக்கூடத்திலேயே பழிகிடந்தாள்.

பாறைக்குழம்பு பூமிக்கடியில் ஆற அமரக் கிடந்தால் படிகங்கள் உப்புக்கல் மாதிரிப் பெரிதாக வளரும். அவசரமாக மேலே வந்து ஆறினால் வளர நேரமின்றிப் பொடிப்பொடியாக உறைந்துபோகும். ஆழத்திலிருந்து புதுக்குழம்பு வந்து கலந்தாலோ, பழைய படிகத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு விளிம்பு கட்டும். மலை எத்தனை காலம் பொறுத்து வெடித்தது என்பதை அந்த விளிம்பின் தடிமனே சொல்லிவிடும்.

"விளிம்பு மயிரிழைதான்டா இருக்கு. புதுக்குழம்பு வந்த ராத்திரியே வெடிச்சிருக்கு. முந்தின நாள் காலையில அது யாருக்குமே தெரிஞ்சிருக்க வழியில்ல. பின்னே ஏன் பொய்யா எழுதிக் கொடுத்தே? போலீஸ் அடிச்சாங்களா?"

இல்லையென்று தலையாட்டினான்.

"கல்லுளிமங்கன்டா நீ. வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வருதா பாரு."

"அறிக்கையைக் கொடுத்துட்டியா?"

"காலையிலேயே ஜட்ஜ் கைக்குப் போயாச்சு. கூடிய சீக்கிரம் வெளியில வந்துடுவே."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாரம் தவறாமல் வந்து, இந்த வலையைப் பிடித்தபடி அழுதுவிட்டுப் போகிறாளே அவன் மனைவி, அவளுக்கும் போனில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாக அக்கா சொன்னாள்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பாதியிலேயே போனை வெச்சுட்டா. பாவம், சந்தோஷத்துல பேச்சு வரல போல."

தம்பி வலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

"மலை வெடிக்கப்போவுதுன்னு எனக்குத் தெரியும், சும்மா சொன்னா நீ கிளம்பியிருக்க மாட்டே, அதனாலதான் வேணும்னே சண்டை இழுத்துத் துரத்தினேன்னு அப்புறமா அவகிட்ட சொல்லியிருந்தேன்க்கா. அன்னிக்குக் குழந்தை கண்ணெதிர்ல அவளைப் போட்டு அடிச்சது... நெஜமாவே அடிச்சதுதான்."