எல்லாருக்கும் போகிற மெயில்

"அந்த ஒரு ஆளை மட்டும் புது மெயிலுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் பொருளாளர்.

பல் டாக்டர்கள் சங்கத்தின் மெயிலெல்லாம் இத்தனை காலம் ஆபீஸ் மூலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கிளவுடுக்கு மாற்றுகிற வேலைக்கு வந்திருந்தாள் அவள். ஆபீஸில் அவளுக்கு 'மெயில் மேடம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"எந்த ஆளு சார்?"

"புகார் டாக்டர். ரிட்டயர் ஆயிட்டாரு. காலையில பல் தேய்க்கிறாரோ இல்லையோ, ஒரு புகார் எழுதி சங்கத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் தட்டி விட்டுடுவாரு. ஹால்ல நாற்காலி ஆடுது, காபி ஆறிப்போச்சு, பத்திரிகையில எழுத்து பொடிசா இருக்கு... உயிரை வாங்கிட்டாரு மனுஷன்."

"இப்பவும் வருதா?"

பொருளாளர் கொஞ்சம் யோசித்தார். "இப்ப வர்றதில்ல. அதுக்காக? அவரு திருந்திட்டாருங்கிறீங்களா?"

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற சங்கத்துக்கு இந்த ஒருத்தர் வாயை மூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள் மெயில் மேடம்.

வேலையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பழைய கம்ப்யூட்டரில் யாரோ ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். புகார் டாக்டர் எல்லாருக்கும் என்று அனுப்புகிற மெயில் யாருக்கும் போகாது. நேராகத் தலைவரின் பெட்டிக்கு மட்டும் திரும்பிவிடும். இன்று காலையில்கூட ஒன்று அப்படித்தான் திரும்பியிருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. பாவம், சபைக்குப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஒரே ஆளிடம் கத்திக்கொண்டிருக்கிறார். படித்தவர்கள் செய்கிற காரியமா இது?

நேரே தலைவர் அறைக்குப் போனாள்.

"இது நீங்க சொல்லிச் செஞ்சதா சார்?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியக்கூடாதுன்னுதானே செஞ்சது."

"ஏமாத்து வேலை சார் இது. எப்படியும் இந்த ஏற்பாடு தானா புது இடத்துக்கு வராது. நான் புதுசாப் போட்டாத்தான் உண்டு. போடலைன்னா, திங்கட்கிழமை அவர் எழுதறது எல்லாருக்கும் போயிடும்."

தலைவர் முகம் மாறிவிட்டது. "கதவைச் சாத்திட்டு உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

"போச்சுன்னா அன்னைக்கே கமிட்டி கூடி அவரை நீக்கிடும்மா. அப்பவே நீக்கியிருப்பாங்க. நான்தான் 'பேசி நிறுத்திட்டேன்'னு பொய் சொல்லிச் சமாளிச்சேன். கிளினிக்கை மூடிட்டாரு. காலையில எழுந்தா இது ஒண்ணுதான் வேலை. யாரும் படிக்கலைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு."

"நீங்க படிக்கிறீங்களா?"

"படிக்கிறது மட்டுமா! ஒவ்வொண்ணுக்கும் பதில் போடறேன். அவரும் விடமாட்டாரு, நானும் விடறதில்ல. தினம் சண்டை." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "தயவு செஞ்சு அதைப் போட்டுக் குடுத்துடுங்க. அவர் காதுக்குப் போயிடக்கூடாது."

சே, இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை, டாக்டர்கள் ஒவ்வொருவராகப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் எல்லாருக்கும் புது மெயிலைப் போட்டுக் கொடுத்தாள். மத்தியானம் வாக்கில் புகார் டாக்டர் வந்தார். வரிசை நீளம் என்றார், மின்விசிறி சத்தம் என்றார், புது பாஸ்வேர்ட் வாயில் நுழையவில்லை என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு மகராசர் படிக்கிறாரே, அது போதும் உங்களுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

போனை வாங்கிக்கொண்டவர் கிளம்பவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே குனிந்தார்.

"ஏம்மா, நான் எல்லாருக்கும் எழுதறது தலைவருக்கு மட்டும் போற மாதிரி ஒரு ஏற்பாடு இருந்துச்சே. அது இங்கயும் உண்டுதானே?"

"உங்களுக்கு... எப்படி சார்?"

"என் மருமகனும் பல் டாக்டர், இந்தச் சங்கத்துலதான் இருக்கான். முதல் வாரமே 'மாமா, புகாரை விட்டுட்டீங்களா?'ன்னு வாயெல்லாம் பல்லாக் கேட்டான். பதில் போட்டது தலைவர் மட்டும்தான். புரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா சார் எழுதறீங்க?"

"தலைவர் சம்சாரம் தவறின வருஷம்மா அது. வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டான், போன் பண்ணா எடுக்கமாட்டான். துக்கம் கேக்கப் போனா 'நான் நல்லா இருக்கேன்'னு வாசலோடயே அனுப்பிட்டான். ஆனா புகார் எழுதினா மட்டும் பக்கம் பக்கமாப் பதில் வந்துச்சு. சரி, இவனுக்கு இதுதான் பேச்சுத்துணைன்னு பிடிச்சுக்கிட்டேன். அவனுக்கு இது தெரிய வேணாம், என்ன?"

அவள் சரியென்று தலையாட்டினாள்.

"போட்டிருக்கேன் சார். அவருக்கு மட்டும்தான் போகும்."

"அப்பாடா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் புகார் டாக்டர். போனில் எழுதுகிற இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நான் சொன்ன எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சரி பண்ணித் தொலைச்சுட்டான்மா, பாவி. வரிசை, மின்விசிறியெல்லாம் ரெண்டு வரிக்குக் காணாது. இன்னைக்கு எழுத வேற ஒண்ணுமே தோணல. இந்தப் புது மெயில்ல ஏதாவது குறை இருந்தா சொல்லேன்."