படகு நிற்கக் கூடாது

படகுக்கு முன்னால் ஒருவன் தண்ணீரில் கிடப்பதைக் கண்டதும் புரூயிட் எஞ்சினை அணைத்தான்.

கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்ட பிறகுதான் தெரிந்தது, அது லெப்டினன்ட் ஆஷ்பி. தவறி விழவில்லை. முன்னால் போன படகிலிருந்து அவராகவே குதித்திருக்கிறார்.

1943 மார்ச், உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடா ஓரங்களில் பனிக்கட்டி இன்னும் முழுதாகக் கரையவில்லை.

"ஏன் நிறுத்தின?" ஆஷ்பிக்குப் பற்கள் தந்தியடித்தன.

"நீங்க தண்ணில கிடந்தீங்க, சார்."

"நிஜமா கரையில இறங்குற அன்னிக்குத் தண்ணில எவன் கிடந்தாலும் படகு நிக்கக் கூடாது. தூக்கறதுக்குப் பின்னால வேற படகு வருது. நேரா கரைக்குப் போறதுதான் உன் வேலை."

"தண்ணில கிடக்கிறவனை விட்டுட்டு வந்தா எங்க தீவுல ஒருத்தனும் என் மூஞ்சில முழிக்க மாட்டான், சார்."

"இது உங்க தீவு இல்ல. மறுபடி முதல்லேருந்து ஓட்டு."

படகுக்குள் குந்தியிருந்த சிப்பாய்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். "நண்டு பிடிக்கிற ஆளுல்ல? தண்ணில எது அசைஞ்சாலும் அள்ளிப் போட்டுக்குவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். புரூயிட்டும்தான்.

அவன் இதே விரிகுடாவில் நண்டு பிடித்து வளர்ந்தவன். ஆஷ்பியைவிட வயதில் மூத்தவன். அவர்கள் வந்த கப்பலில் பாதிப் பேர் கடலையே இப்போதுதான் பார்க்கிறார்கள். கப்பலுக்கும் இந்த வேலை புதிது. போன குளிர்காலம் வரை வாழைப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தது. இப்போது சாம்பல் வண்ணம் அடித்து, பீரங்கி பொருத்தி, சரக்கறைகளில் அடுக்கடுக்காகக் கித்தான் படுக்கை கட்டி, இருபுறமும் இறங்கு படகுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆனாலும் கீழே இறங்கினால் பழ வாசனைதான்.

கோடைக்குள் எங்கோ ஒரு எதிரிக் கரையில் சிப்பாய்களை இறக்க வேண்டும். எந்தக் கரை என்று யாரும் சொல்லவில்லை.

மறுமுறையும் ஆஷ்பி குதித்தார்.

புரூயிட் இந்தத் தடவை எஞ்சினை அணைக்கவில்லை. ஆனால் சுக்கானை ஒடித்து அவரைச் சுற்றிக்கொண்டு போனான். அலை பக்கவாட்டில் அறைந்தது. சிப்பாய்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். படகு கோணலாகப் போய் மணலில் முட்டியது.

"இன்னொரு தடவை" என்றார் ஆஷ்பி.

தண்ணீரில் விழுபவர்களைத் தூக்கும் சிறு படகில் நோவிக்கி இருந்தான். கப்பலின் மேல்தளத்து வேலைகளுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி. கம்பளியை விரித்துப் பிடித்தபடி, "போதும் சார், உதடெல்லாம் நீலமாயிடுச்சு" என்றான். ஆஷ்பி அவன் முகத்தைப் பார்க்காமலே கம்பளியை ஒதுக்கிவிட்டு முன் படகில் ஏறிக்கொண்டார்.

மூன்றாம் முறை.

குதித்தவர் தண்ணீருக்கு மேலே வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. கை ஒன்று உயர்ந்தது. அது நடிப்பா நிஜமா என்று புரூயிட்டால் சொல்ல முடியவில்லை.

வேகத்தைக் குறைக்க அவன் கை தானாகவே போனது. கையை இழுத்துக்கொண்டான்.

எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அந்த முகம் படகின் பக்கமாகக் கடந்து போனது. கண் திறந்திருந்தது. அவனையே பார்த்தது.

படகுக்குள் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மணலில் படகு ஆணி அடித்தாற்போல் நேராக ஏறி நின்றது. முன்கதவு விழுந்தது. கடைசிச் சிப்பாய்வரை முழங்கால் நனையாமல் கரைக்கு ஓடினார்கள். அந்த வாரத்தில் ஒரு படகுகூட அப்படி இறக்கியதில்லை.

காலியான படகைப் பின்னுக்கு எடுத்து, புரூயிட் சிறு படகின் பக்கம் திருப்பினான்.

சிறு படகில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த ஆஷ்பி அவனைப் பார்த்து ஒருமுறை தலையை மட்டும் ஆட்டினார்.

மாலையில் படகுகளை மேலே ஏற்றிக் கட்டிய பிறகு, கப்பிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த நோவிக்கியிடம் போய் உட்கார்ந்தான் புரூயிட்.

"அந்த ஆளுக்கு நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்கு? கல்லா?"

நோவிக்கி கப்பியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"போன நவம்பர்ல ஆப்பிரிக்காக் கரையில இறங்கினப்ப, அவரு வேற கப்பல்ல இருந்தாரு. அவரு இருந்த படகுல ஒருத்தன் தவறித் தண்ணில விழுந்துட்டான். படகை நிறுத்தச் சொன்னாரு. நின்ன படகை அலை குறுக்கால திருப்பிக் கவுத்துருச்சு. எல்லாம் மூட்டையும் துப்பாக்கியும் மாட்டிக்கிட்டு இருந்த பசங்க. நேரா கீழ போயிட்டாங்க."

"எல்லாருமா?"

"மூணு நாலு பேர் தப்பிச்சோம்."

புரூயிட் கரைப் பக்கம் பார்த்தான். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு சிப்பாய்கள் காப்பிக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். இவ்வளவு தூரத்திலும் அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்டது.

"முதல்ல விழுந்தானே, அவன்?"

நோவிக்கி கந்தலில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"அவரு அதைப்பத்தி ஒரு வார்த்தை என்கிட்ட பேசினதில்ல. என் முகத்தைக்கூட நிமிந்து பார்க்க மாட்டாரு" என்றான். "படகை நிறுத்தினதுக்கு நானும் அவருக்கு நன்றி சொன்னதில்ல. எப்படிச் சொல்றது, நீயே சொல்லு."