ரோஸ் மருந்தின் பிரியம்

ஜெயக்கனியின் காதில் யார் யாரோ பேசும் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடக்கத்தான் டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். அதைப் போட்டால் வயிறு எரிகிறது என்று அவள் சொன்னதால், கணவர் அருமைநாயகம் கையோடு எரிச்சலைத் தணிக்கும் ரோஸ் நிற மருந்தும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார்.

வயிற்றுக்குள் ரோஸ் மருந்து மாத்திரையைக் கட்டிக்கொண்டது.

“என்னை விடுங்கக்கா. நான் ரத்தத்துல கலந்து தலைக்குப் போகணும். போகலேன்னா குரல் வந்துடும்” என்றது மாத்திரை.

“இந்த எரிச்சல்ல தனியா எங்கே போவே? பேசாம என் மடியிலேயே இரு.”

“நீங்க பிடிச்சிருக்கிறதுல என்னால அசையவே முடியலக்கா.”

“பிரியமாத்தானே பிடிச்சிருக்கேன்.”

அந்தப் பிடியோடு இரண்டும் குடலுக்குள் இறங்கின. ரத்தத்துக்குப் போகும் வாசல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்விட்டன.

மேலே ஜெயக்கனி பேசுவது கேட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. அவள் யாரிடமோ மன்னிப்புக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

“குரல் வந்துடுச்சு” என்றது மாத்திரை.

ரோஸ் மருந்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாவம், நாளைக்கு ரெண்டு மூடியா வர்றேன்” என்று சொல்லி, பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டது.