தம்பியின் பெயர்

வடதேசத்து மலைக்குள் புதையல் காக்கும் குள்ளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவர்கள் கையிலிருப்பதைக் கூப்பிட்டவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கை தானாகவே நீண்டுவிடும். அதனால் கூடப்பிறந்தவனிடம்கூட யாரும் பெயரைச் சொல்வதில்லை.

விடிந்துகொண்டிருந்தது. வெயில் பட்டால் குள்ளர்கள் கல்லாகிவிடுவார்கள். தம்பி, தங்கப் பானையை வயிற்றோடு அணைத்தபடி குகைவாயில் சிக்கியிருந்தான்; தலை உள்ளே, கால்கள் வெளியே.

“பானைய விடுடா!” அண்ணன் உள்ளிருந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

“மனசு வரலண்ணே.”

“அப்ப பேரச் சொல்லு. நான் கூப்பிட்டா கை விட்டுரும்.”

“சொன்னா, அப்புறம் எல்லாத்தையும் புடுங்கிக்குவ.”

வெயில் பாதத்தைத் தொட்டது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று கல் ஏறியது. கழுத்தை எட்டியபோது தம்பி முனகினான்: “ஸ்கோரி.”

“ஸ்கோரி!” என்று அலறினான் அண்ணன். கல்விரல்கள் அசையவில்லை. அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், பானையைப் பார்த்தபடி.