சிவப்புப் பொத்தான்

“என்னை என்ட பக்கத்துக்கு விடுதில்ல மிஸ். எத்தின தரம் திறந்தாலும் குல்சூம் ராத்தாட பக்கத்துக்குத்தான் கொண்டுபோகுது.”

கொண்டச்சியிலிருந்து நுஸ்ரியா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மன்னாரில் சுவேதினி மேசைமுன் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் இணையத்தளத்தைச் செய்து கொடுத்தவள் அவள்தான். இன்று நாலு மணியோடு அது மூடப்படும்.

“ஆர் வந்தா எந்தப் பக்கம் போகவேணும் எண்டு ஒழுங்காத்தான் எழுதி வச்சிருக்கிறன். இஞ்ச எனக்குச் சரியா வேலை செய்யுதே.”

“இஞ்ச செய்யுதில்லையே. பிந்தினா இந்த மாரிக்கும் எங்களுக்குத் தகரக் கொட்டில்தான் மிஸ்.”

சுவேதினி தான் எழுதிய விதிகளை வரிவரியாகப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. பிழை கிடைத்தாலாவது ஆறுதல். கிடைக்காவிட்டால் மண்டை காய்ந்துவிடும். மடிகணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

கொண்டச்சி மாதர் சங்கத்தை அடைந்தபோது மூன்று பத்து. மற்றப் பெண்கள் எல்லாரும் கைபேசியிலேயே விண்ணப்பித்துவிட்டார்கள். கைபேசியில் இணையம் இல்லாத இருவருக்குத்தான் சங்கத்துக் கணினி. ஒருவர் சங்கத் தலைவி உம்மு குல்சூம், நேற்றே அனுப்பிவிட்டார். மற்றவள் நுஸ்ரியா.

“வாங்கோ தங்கச்சி, வெயிலுக்குள்ளால வந்திருக்கிறீங்கள். தேத்தண்ணி குடியுங்கோ,” என்றார் உம்மு குல்சூம். ஐம்பது வயதிருக்கும்.

“பிறகு குடிக்கிறன் ராத்தா.”

சுவேதினி கதிரையில் இருந்து தளத்தைத் திறந்தாள். பெயரும் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. ‘வாருங்கள், உம்மு குல்சூம்’ என்று நேரே வரவேற்றது. அட, இதுதானா சங்கதி. உள்ளே இருப்பவரை மறுபடி வாசலில் மறிக்காதே, அவர் பக்கத்துக்கே அனுப்பு என்று அவளே எழுதிய விதிதான். நேற்று உள்ளே வந்த ராத்தா இன்னும் உள்ளேயே இருக்கிறார்.

“ராத்தா, வேலை முடிய மேல்மூலையில இருக்கிற சிவப்புப் பொத்தானை அமத்தினீங்களோ?”

“இல்லை.”

சுவேதினி அதை அமத்தினாள். ராத்தாவின் பெயர் மறைந்து, வெறும் பெட்டிகள் இரண்டு வந்தன.

“இப்ப உங்கட பேரைப் போடுங்கோ நுஸ்ரியா.”

நுஸ்ரியா ஒரு விரலால் தேடித்தேடி அடித்தாள். அவளுடைய பக்கம் வந்தது. அடையாள அட்டை இலக்கத்தில் ஒருதரம் பிழைவிட்டு, அழித்து, திரும்ப அடித்து, மூன்று ஐம்பதுக்கு அனுப்பி முடித்தாள். ‘கிடைத்தது’ என்று திரையில் விழுந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பதற்றம் தீர்ந்ததும் சுவேதினிக்குக் கோபம் வந்தது. ஒரு பொத்தானை அமத்தாததுக்காக இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறாள். ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லாமல், பொத்தான் வரைக்கும் நல்ல தமிழில் செய்த தளம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“கோவிக்காதேங்கோ ராத்தா. ‘வெளியேறு’ எண்டு இவ்வளவு பெரிசா, சிவப்பில எழுதியிருக்கிறன். அதைக்கூட வாசிக்கயில்லையோ?”

நுஸ்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். உம்மு குல்சூம் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். பிறகு பக்கத்தில் வந்து இருந்தார்.

“வாசிச்சனான் தங்கச்சி. தொண்ணூறாம் ஆண்டு, எனக்குப் பதினைஞ்சு வயசில, எங்கட முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுத் துரத்தேக்க, இயக்கக்காரர் இதே சொல்லைத்தான் ஒலிபெருக்கியில சொல்லிக்கொண்டு வந்தவை. திரும்பி வர எங்களுக்கு இருபது வருசம் எடுத்தது. வீடு தாங்கோ எண்டு கேட்டு வந்த இடத்தில, அதை என்ட கையாலேயே அமத்தச் சொல்லுறீங்களோ?”