சேவலைக் கட்டிய இடம்

வண்டி மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டது. ஆட்டோமேட்டிக் வண்டி. நாமும் மாற்ற முடியாது, அதுவும் மாறாது என்று அடம்பிடித்தது.

கியர் விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஊரைக் கூட்டி அழுதது. சுமை லாரி மாதிரி ஊர்ந்து, வழியிலிருந்த சந்தை ஊரான லுகாயாவுக்கு வந்து, முதலில் கண்ணில் பட்ட மெக்கானிக் கொட்டகை முன்னால் நிறுத்தினேன்.

பக்கத்து இருக்கையில் மாப்பிள்ளை முலோண்டோ, வெள்ளை அங்கியும் கோட்டுமாக வியர்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் சேவல்.

பெண்ணின் அண்ணன் கையில் சேவலைக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் எவனும் பெண் கட்டியதில்லை. எங்கள் உறவுக் கூட்டம் முன்னாலேயே போய்விட்டது. இரண்டு மணிக்குள் சேவலோடு போய் நிற்காவிட்டால் பெண் வீட்டார் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் அவர்கள் பண்ணுகிற கேலி, பேரன் பேத்தி எடுத்தாலும் ஓயாது.

சாலையோர வியாபாரிகள் குச்சியில் குத்திச் சுட்ட கோழியை ஜன்னலுக்குள் நீட்டினார்கள். சேவல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மெக்கானிக் சோளக்கதிரைக் கடித்தபடி நிதானமாக வந்தார். ஆள் நல்ல தாட்டியம். உடம்பெல்லாம் கிரீஸ். கொட்டகையில் அழுக்குப் படாத பொருள் ஒன்றே ஒன்றுதான். ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய ஏதோ வெள்ளைத் துணி.

மாப்பிள்ளையைப் பார்த்தார். சேவலைப் பார்த்தார். "எந்த வீட்டுக்கு?" என்றார்.

"கலுங்கு ரோடு. பொண்ணு நபோசா வீட்டுக்கு," என்றான் முலோண்டோ. "கொஞ்சம் சீக்கிரம் பாருங்கண்ணே. அவ அண்ணன் பொல்லாத ஆளாம். நான் இன்னும் பாத்ததுகூட இல்ல."

"அப்படியா," என்றவர் சோளத்தை முடித்துவிட்டுத்தான் கையைத் துடைத்தார்.

பழுது காட்டும் கருவியை வண்டியில் செருகினார். வேக சென்சார் பழுது என்றது திரை.

"புதுசு போட்டுடுங்க," என்று பறந்தான் முலோண்டோ.

"எந்திரம் சொல்றத அப்படியே நம்பிடுறதா மாப்ளே?"

ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கினார். அதைக் கையால் சுற்றும்படி என்னிடம் சொல்லிவிட்டு, சென்சாரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். மீட்டரில் எண்கள் துள்ளின. சென்சார் பிழைத்துத்தான் இருந்தது. அது சொல்வது கியர் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வயரைத் தடவிக்கொண்டே போனவர் வண்டிக்குள் நுழைந்து, முலோண்டோவின் முழங்காலை ஒதுக்கிவிட்டு டார்ச் அடித்தார்.

சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

சேவல் துள்ளாமல் இருக்க, அதன் காலை வாழைநாரால் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய வயர்க் கொத்தில் கட்டியிருந்தான் எங்கள் மாப்பிள்ளை. ஒவ்வொரு பள்ளத்திலும் சேவல் இழுத்திருக்கிறது. கம்ப்யூட்டரின் பிளக் பாதி வெளியே வந்து தொங்கியது. அதன்மேல் சேவல் தன்னாலானதையும் செய்து வைத்திருந்தது.

"ஒரு சேவலையே உங்களுக்கு ஒழுங்கா வச்சுக்கத் தெரியலையே. பொண்ண எப்படி வச்சுக்கப் போறீங்க?"

நான் சிரித்துவிட்டேன். முலோண்டோ சிரிக்கவில்லை. "நல்லா வச்சுக்குவேண்ணே," என்றான். பாவமாக இருந்தது.

அவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பிளக்கைத் துடைத்து, 'டக்'கென்று உட்காரும்வரை அழுத்தினார். கருவியைத் தட்டியதும் விளக்கு அணைந்தது. நாரை அவிழ்த்து, சேவலின் இரண்டு காலையும் சேர்த்துப் புது முடிச்சாகப் போட்டு அவன் மடியில் வைத்தார்.

காசு வாங்கவில்லை. "நாப்பதுக்கு மேல போகாதீங்க. கியர் பழகணும்," என்றார்.

"அய்யோ, கதவைச் சாத்திடுவாங்க."

"சாத்த மாட்டாங்க. போங்க."

நாற்பதிலேயே போனோம். மெக்கானிக் பேச்சை மீறப் பயம். சைக்கிள்காரன்கூட எங்களைத் திரும்பிப் பார்த்தான். பாதி வழியில் ஒரு பைக் எங்கள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் பறந்தது. ஓட்டியவன் முதுகில் ஏதோ பிளாஸ்டிக் உறை படபடத்தது. அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கதவு திறந்தேதான் இருந்தது.

சடங்கு முடியும்வரை மாப்பிள்ளை வாயைத் திறக்கக்கூடாது. எல்லாம் அவனுக்காகப் பேச வந்தவர் பேசினார். சேவலை வாங்கிக்கொள்ளப் பெண்ணின் அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

இஸ்திரி கலையாத வெள்ளை அங்கியில் வந்தார். நகக்கண்ணில் மட்டும் கிரீஸ்.

சேவலைக் கையில் வாங்கி, காலில் தான் போட்ட முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"கியர் பழகிடுச்சா?"