ஐந்து முடியும் ஆறு முடியும்

ஒரு கொடுவா மீனின் இடது செவுளில், இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான கடல் பேன் ஒன்று பல மாதங்களாக ரத்தம் குடித்து வாழ்ந்துவந்தது. ஒருநாள், அலையில் அடிபட்டுக் களைத்துப்போன இன்னொரு பேன் அங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

“அக்கா, மூணு நாளா ஒரு மீன்கூடக் கிடைக்கலை. கொஞ்சம் நகர்ந்துக்கிட்டா பொழைச்சுக்குவேன். நாம ஒரே இனம்தானே?”

“அதை நீயே சொல்லிக்கிட்டா ஆச்சா? வாலைக் காட்டு.”

வந்த பேன் காட்டியது. பழைய பேன் நிதானமாக எண்ணியது.

“அஞ்சு முடி. எங்களுக்கு ஆறு. முட்டைச் சரமும் உனக்குச் சுருண்டிருக்கு, எங்களுக்கு நேரா தொங்கும். நீ வேற பேரினம். கிளம்பு.”

வந்த பேன் அழுதுகொண்டே வலது செவுளுக்குப் போனது. அங்கே தன் கொக்கி போன்ற நகத்தை ஊன்றி, வயிறு நிறைந்ததும் அதற்கும் பேச்சு வந்தது.

“அஞ்சு முடிதான் உசத்தி! ஆறாவது வெறும் பிசிறு!”

சண்டை முற்றி, கடைசியில் இரண்டும் மீனிடமே நியாயம் கேட்டன.

“எங்க ரெண்டு பேரையும் நல்லாத் தெரிஞ்சது உனக்குத்தான். வித்தியாசத்தைச் சொல்லு.”

மீன் மூச்சு வாங்கியபடி யோசித்தது.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வலிக்குது.”

பேன்கள் இந்த விஷயத்தில் மீனுக்கு அறிவு போதாது என்று ஒருமனதாக முடிவுசெய்துவிட்டு, குடிப்பதைத் தொடர்ந்தன.